கஷாயம் குரல்வளைக்குள்ள போகாதும்மா, அஞ்சு வாரம் ஆயிருச்சு, டாக்டர்கிட்ட காட்டிப் பாத்துருங்க

திருமங்கலத்துலருந்து ஒரு தங்கச்சி கேட்டுருக்காங்க. வீட்டுக்காரருக்கு 46 வயசு, மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட் மண்டியில விடியக்காலம் 2 மணிலருந்து ரேட்டு கூவுற வேலை, பீடி பழக்கம் உண்டு. அஞ்சு வாரமா குரல் கம்மிப்போச்சு, காய்ச்சல் சளி எதுவும் இல்ல. மிளகு மஞ்சள் போட்ட பால், பனங்கற்கண்டு, சித்தரத்தைக் கஷாயம் எல்லாம் குடுத்தாச்சு, இப்ப ரகசியம் பேசுற மாதிரி மெதுவாப் பேசச் சொல்லிருக்காங்களாம். வேற என்ன குடுக்கலாம்னு கேள்வி.

குடுக்குறதுக்கு எதுவும் தேட வேணாம்மா, காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஏன்னு சொல்றேன்.

சாப்பாட்டுக்கும் மூச்சுக்கும் தொண்டை வரைக்கும் ஒரே வழிதான், அதுக்குக் கீழதான் ரெண்டாப் பிரியுது, முன்னாடி மூச்சுக்குழல், பின்னாடி உணவுக்குழல். குரல்வளை இருக்கறது மூச்சுக்குழலோட வாசல்ல. அவர் கழுத்துல சங்குன்னு சொல்றோமே, துருத்திக்கிட்டு இருக்குற அந்த எலும்பு மாதிரி இடம், அதுமேல லேசா விரல வச்சு எச்சில முழுங்கச் சொல்லுங்க, விர்ருன்னு மேல ஏறி எறங்கும். அது ஏறுற நேரத்துல குரல்வளைக்கு மேல இருக்குற மூடி மடங்கி வாசல மறைக்குது, உள்ள சத்தம் எழுப்புற ரெண்டு மடிப்பு இருக்கு, குரல் நாண்னு பேரு, அது ரெண்டும் ஒட்டி இறுக்கமா மூடிக்குது, பாலு பின்பக்கமா உணவுக்குழலுக்குப் போயிருது. தப்பித் தவறி ஒரு சொட்டு அந்தப் பக்கம் எறங்குனாலே பொறையேறிரும், யாரோ நெனைக்கிறாங்கன்னு உச்சந்தலையில தட்டுவோமே அதான். ஆக எத்தன கஷாயம் குடிச்சாலும் குரல் நாண்ல படாது, பட்டா இருமித் தள்ளிருவோம். சூடா குடிச்சா தொண்டைக்கு இதமா இருக்கும், உடம்புல தண்ணிச் சத்து நல்லா இருந்தா குரல் நாணும் ஈரமா இருக்கும், அதனால குடிக்கட்டும், நான் வேணாங்கல. குரல் நாண நேரடியாத் தொடுறது நாம உள்ள இழுக்குற காத்துதான், அதனால ஆவி பிடிக்கலாம், வெறும் தண்ணி போதும். அதே வழியாத்தான் பீடிப் புகையும் போகுது, அத மறந்துறாதீங்க.

இப்ப அதே விரல எடுக்காம ம்ம்ம்ன்னு முனகச் சொல்லுங்க, அதிர்றது தெரியும். ஆம்பளைங்க சாதாரணமாப் பேசும்போதே அந்த ரெண்டு நாணும் செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல மோதிப் பிரியுது, பொம்பளைங்களுக்கு ஏறக்குறைய 200. நூறுன்னே வச்சாலும் ஒரு மணி நேரம் விடாம கூவுனா 3 லட்சத்து 60 ஆயிரம் மோதல், அதுவும் லாரிச் சத்தத்துக்கு மேல தொண்டத்தண்ணி வத்தக் கத்தும்போது மோதுற வேகமும் பலமும் இன்னும் ஜாஸ்தி. மம்பட்டி புடிச்ச கை காய்ச்சுப் போகுதுல்ல, அதே மாதிரி குரல் நாண்ல அதிகமா மோதுற இடத்துல ரெண்டு பக்கமும் சின்னதா காய்ப்பு விழும். டீச்சருங்க, நாடகத்துல பாடுறவங்க, பஸ் ஸ்டாண்டுல ஊர் பேர் சொல்லிக் கூப்புடுறவங்க எல்லாருக்கும் வர்றதுதான். இதுக்கு முதல் வைத்தியம் ஆபரேஷன் இல்ல, குரல் பயிற்சி, பெரும்பாலும் அதுலயே கரைஞ்சுரும். ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து தொங்குற கட்டின்னா சில சமயம் எடுக்க வேண்டி வரும்.

ரகசியம் பேசச் சொன்னீங்கள்ல, அத இன்னைக்கே நிறுத்திருங்க. காத்த அழுத்தி குசுகுசுன்னு பேசுறது நிறைய பேருக்கு குரல்வளையச் சுத்தி இருக்குற தசைய இன்னும் இறுக்கிருது. ஒண்ணு பேசாம இருக்கணும், இல்ல பக்கத்துல உக்காந்து சாதாரணக் குரல்ல பேசணும். அடிக்கடி தொண்டையச் செருமுறதும் அதே அடிதான், செருமத் தோணுனா ஒரு வாய் தண்ணி முழுங்கட்டும். இன்னொண்ணு, மண்டிலருந்து வந்து வயிறு முட்டச் சாப்ட்டு அப்படியே படுத்துருவாரு, இந்த வேலையில எல்லாரும் செய்றதுதான், வயித்து அமிலம் மேல ஏறி குரல்வளையோட பின்பக்கத்தப் புண்ணாக்கும், நெஞ்செரிச்சல் இல்லாமகூட இது நடக்கும். சாப்ட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படுக்கச் சொல்லுங்க.

ஆனா இதெல்லாம் செஞ்சா போதும்னு இருந்துறாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுறதுதான் மொதல்ல. சளி புடிச்சு கம்முன குரல் ஒண்ணு ரெண்டு வாரத்துல திரும்பிரணும், மூணு வாரம் தாண்டி கரகரப்பு இருந்தா உள்ள பாத்தே ஆகணும், பீடி குடிக்கிறவர்னா அதுல ரெண்டாவது பேச்சே கெடையாது. பயந்துகிட்டுத் தள்ளிப்போடுறவங்கதான் எனக்கு ரொம்ப வேதனை. குரல் நாண்லயே வர்ற புத்துநோய் கடுகளவு இருக்கும்போதே குரல மாத்திக் காட்டிக்குடுத்துரும், அந்த நெலமையில புடிச்சா பெரும்பாலும் கரண்ட் வைத்தியம்னு சொல்ற கதிர்வீச்சுலயோ லேசர்லயோ குணமாயிரும், குரலும் நிக்கும். இன்னொரு காரணமும் இருக்கு. குரல் நாண அசைக்கிற நரம்பு இடது பக்கத்துல நெஞ்சுக்குள்ள எறங்கி இதயத்துலருந்து வர்ற பெரிய ரத்தக்குழாயச் சுத்திட்டுத்தான் மேல வருது, அதனால நுரையீரல்ல ஒரு கட்டி அழுத்துனாகூட சில சமயம் மொதல்ல குரல்தான் கம்மும். நாண் அசையலன்னா டாக்டர் நெஞ்சு ஸ்கேன் கேப்பாரு, தொண்டைக்கு வந்தா நெஞ்ச ஏன் பாக்குறாங்கன்னு சண்டை போடாதீங்க.

பாக்குறது பெரிய விஷயம் இல்ல. மரத்துப்போற மருந்த ஸ்பிரே அடிச்சு, நாக்க துணியால புடிச்சுக்கிட்டு வாய் வழியா கேமராக் குழாய விட்டு 'ஈ' சொல்லச் சொல்வாங்க, குமட்டல் ஜாஸ்தின்னா மூக்கு வழியா மெல்லிசான குழாய், சில நிமிஷந்தான், டிவியில நீங்களும் பாக்கலாம். கோரிப்பாளையம் கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரியிலயே இதுக்குத் தனிப் பிரிவு இருக்கு, காசு ஒரு தடையா நெனைக்காதீங்க. மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, ரத்தம் துப்புனாலோ, சாப்பாடு முழுங்க முடியலன்னாலோ, கழுத்துல கட்டி தெரிஞ்சாலோ நாள் பாக்காம அன்னைக்கே போயிருங்க. போறப்ப அவர் சாப்புடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, பிரஷர் மாத்திரையில சிலது வறட்டு இருமல் குடுத்து தொண்டையக் கெடுக்கும். அதுவரைக்கும் மண்டியில வேற ஆள கூவச் சொல்லுங்க, முடியவே முடியாதுன்னா இடுப்புல மாட்டுற சின்ன மைக் செட் ஒண்ணு வாங்கிக் குடுங்கம்மா.