கொர்த்தாடோவில் கோப்பி வாசமே இல்லையா?

பால் அதிகம், அதுதான். ஒரு ஷாட்டுக்கு, அதாவது மெஷினில் இறங்கும் கெட்டி எஸ்பிரெஸோவுக்கு, 120 மில்லி பால் ஊற்றுகிறேன் என்கிறீர்கள், அது பால் தூக்கலான லாத்தே பக்கம் போய்விடும். ஸ்பெயின்காரர்களின் கொர்த்தாடோவில் கோப்பியும் பாலும் ஏறக்குறைய சரிபாதி. 18 கிராம் தூளில் 36 கிராம் ஷாட் இறங்கினால், பால் 40 மில்லியைத் தாண்ட வேண்டாம்.

மேலே நுரை தொப்பியாக நிற்கிறது என்றால், ஆவிக்குழாய் முனையைப் பாலின் மேல்மட்டத்திலேயே வைத்திருக்கிறீர்கள் போல. 'ஸ்ஸ்' சத்தம் இரண்டு விநாடி கேட்டால் போதும், முனையை உள்ளே இறக்கிப் பாலைச் சுழல விடுங்கள். 55–60 டிகிரி, அதாவது ஜக் கையைச் சுடத் தொடங்கியதுமே நிறுத்துங்கள். 40 மில்லியை மட்டும் சூடாக்குவது சிரமம். 100 மில்லி எடுத்து, வேண்டியதை ஊற்றுங்கள். மிச்சத்தில் மைலோ கலக்கினால் வீட்டில் யாராவது குடித்துவிடுவார்கள்.

பால் சேர்க்கும் முன் ஷாட்டை மட்டும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். 15 விநாடிக்குள் ஓடி வந்து, தண்ணியாய்ப் புளித்தால் பாலைக் குறைத்தும் பயனில்லை. தூளை இன்னும் நைசாக அரைக்க வேண்டும்.

ஆனால் பினாங்கு கோப்பிக்கடைத் தூளை மட்டும் மெஷினில் போடாதீர்கள்லா. பெரும்பாலும் சீனி, மார்ஜரின் சேர்த்து வறுத்து, துணிப்பையில் வடிக்கவென்று அரைத்தது. ஷாட்டும் சரியாக வராது, சல்லடையிலும் பிசுபிசுவென்று ஒட்டும்.