எச்ஓஏ உள்ள குடியிருப்பில் கொல்லைப்புறத்தில் குளம் வெட்ட அனுமதி கேட்டே ஆக வேண்டுமா?

ஆறடி வேலிக்குள் இருக்கும் சிறு குளத்தை யார் பார்க்கப் போகிறார்கள், எச்ஓஏவிடம், அதாவது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்திடம், சொல்லாமலே வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால் மண்வெட்டியும் ரப்பர் விரிப்பும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றே தோன்றுகிறது. வெட்டாதீர்கள், முதலில் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் எந்த மாநிலம் என்று குறிப்பிடவில்லை. நான் டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் வசிக்கிறேன். ஆகவே இந்த மாநிலச் சட்டத்தையும் என் குளத்தின் கதையையும் வைத்தே பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சங்கத்தின் விதிப் பத்திரத்தில் 'குளம்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்து, அது இல்லை என்பதால் தடையும் இல்லை என்று பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். அந்தப் பத்திரங்கள் அப்படி எழுதப்படுவதில்லை. வீட்டின் வெளிப்புறத்தில் எந்த மாற்றம் செய்தாலும் முன்கூட்டியே எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று ஒரே வாக்கியம் இருக்கும். வேலி, கொட்டகை, பந்தல், குளம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அந்தப் பத்திரம் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தில் பதிவானது. நாம் படித்தோமா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல் மனையோடு சேர்ந்தே வருவது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் சரியில்லை. எங்கள் பகுதியில் மனைகள் ஒடுக்கமானவை, வீடுகள் பெரும்பாலும் இரண்டு மாடி. பக்கத்து வீட்டு மாடிச் சன்னலுக்கு வேலி ஒரு பொருட்டே அல்ல.

நான் விண்ணப்பித்தபோது மனையின் அளவை வரைபடத்தில் குளத்தின் இடத்தைக் குறித்து, ஆழம், பம்ப்பின் திறன், மின் இணைப்பு, ஓரத்தில் வைக்கும் கல்லின் நிறம் வரை எழுதிக் கொடுத்தேன். அல்லியும் சில தங்கமீன்களும் வளர்க்க வேண்டும் என்பதே ஆசை. கோய் மீன்களுக்கு மூன்றடிக்குக் குறையாத ஆழம் வேண்டும் என்பதால் அவற்றை நினைத்தும் பார்க்கவில்லை. நீச்சல்குளம் தொடர்பான மாதிரிக் கட்டட விதிகள் 24 அங்குலத்துக்கு மேல் நீர் நிற்கும் குளத்தைச் சுற்றி 48 அங்குல உயரத் தடுப்பைக் கேட்கின்றன. அழகுக்காக வெட்டும் குளத்தையும் சில நகரங்கள் அந்தக் கண்ணோடுதான் பார்க்கும். எனவே 20 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டேன். நகராட்சியின் விதி வேறு, சங்கத்தின் விதி வேறு. ஒன்றில் தேறினால் மற்றதில் தேறியதாகாது.

பதிலாக வந்தது ஒரே வரி: குடியிருப்பின் பொதுத் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் மனம் விட்டுவிடுகிறார்கள், அல்லது கோபத்தில் வெட்டிவிடுகிறார்கள். 2021-இல் டெக்சஸ் சட்டமன்றம் செய்த திருத்தத்தின்படி, 40 மனைகளுக்கு மேல் உள்ள சங்கங்களில், சங்கத்தை நடத்தும் வாரியத்தின் உறுப்பினரோ, அவருடைய கணவன் அல்லது மனைவியோ, அதே வீட்டில் வசிப்பவரோ ஒப்புதல் குழுவில் இருக்கக் கூடாது. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தைப் போதிய விவரத்தோடு எழுத வேண்டும். என்ன மாற்றம் செய்தால் ஒப்புதல் கிடைக்கும் என்றால் அதையும் சொல்ல வேண்டும். 30 நாளுக்குள் வாரியத்தின் முன் விசாரணை கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதையும் தெரிவிக்க வேண்டும். எனக்கு வந்த அந்த ஒரு வரியில் இவற்றில் எதுவுமே இல்லை. அதை மட்டும், குரலை உயர்த்தாமல், பதிவுத் தபாலில் சுட்டிக்காட்டி விசாரணை கேட்டேன். சங்கம் தன் விருப்பப்படி முடிவெடுக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்கள் நியாயமானது என்றே முதலில் எடுத்துக்கொள்ளும் என்று சட்டம் சொல்வதால், அழகுணர்ச்சியைப் பற்றி வாதாடிப் பயனில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

விசாரணையில் 'தோற்றம்' என்ற பேச்சே எழவில்லை. குழந்தை தவறி விழுந்தால் யார் பொறுப்பு, மழைநீர் எங்கே போகும், கொசு பெருகாதா என்று மூன்று கேள்விகள் வந்தன. மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். இரண்டாவது மிகவும் நியாயமானது: இங்கே இரண்டு வீடுகளுக்கு நடுவே லேசான பள்ளமாக விட்டிருக்கும் மண்தான் வடிகால், அதை அடைத்தால் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தில் தண்ணீர் நிற்கும், எங்கள் கரிசல் களிமண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். ஆகவே குளத்தை வேலியிலிருந்து தள்ளி வைக்க உடனே ஒப்புக்கொண்டேன். வேலிக்கதவுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் தாழ்ப்பாள் போடவும் ஒப்புக்கொண்டேன்.

கொசு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. 2012-இல் டாலஸ் பகுதியில் வெஸ்ட் நைல் காய்ச்சல் பரவி விமானத்திலிருந்து மருந்து தெளித்த ஊர் இது, பயம் வீணானதன்று. ஆனால் நாங்கள் கட்டும் சந்தாவில் பராமரிக்கப்படுவதாகச் சொல்லப்படும் நுழைவாயில் மழைநீர்த் தேக்கம், நீரூற்று பழுதாகி, பாசி படர்ந்து கிடந்ததைப் பற்றி நான் அதற்கு முன்பே எழுதிக் கேட்டு, நிர்வாக நிறுவனத்திடமிருந்து 'கவனிக்கப்படும்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் பெறாதவன். அந்தப் படத்தையும் கொண்டுபோயிருந்தேன், காட்டினேன். இது தேவையற்ற சீண்டல் என்று சிலர் சொல்லக்கூடும், சொல்லட்டும். பிறகு என் ஏற்பாட்டை விளக்கினேன்: பம்ப் ஓடும் நீரில் கொசு முட்டையிடுவது குறைவு, அதையும் மீறி வரும் புழுவைக் கம்பூசியா மீன் தின்றுவிடும். நம் ஊரில் மாநகராட்சிக்காரர்கள் கிணற்றில் விடும் அதே மீன்தான். அதன் பூர்வீகமே டெக்சஸை உள்ளிட்ட அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் என்று நான் சொன்னபோது, வாரியத்தில் ஒருவர் முதன்முறையாகச் சிரித்தார். நிபந்தனைகளோடு ஒப்புதல் கிடைத்தது.

மீன் வளர்ப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. வறட்சிக் காலத்தில் இந்த மாநிலத்தின் பல நகரங்கள் அலங்கார நீரூற்றுகளையும் குளங்களையும் இயக்கக் கூடாது என்று தடை போடும்போது, நீர்வாழ் உயிர்களுக்குத் தேவையானவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன. உங்கள் ஊர் விதியில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோண்டுவதற்கு முன் 811-ஐ அழைத்தால் எரிவாயு, மின் கம்பிகள் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். குழாய், கம்பி போன்ற பொதுப் பயன்பாட்டுக்காக மனையில் ஒதுக்கிய நிலப்பட்டையில் கை வைக்கவே வேண்டாம்.

பிடிக்காவிட்டால் எச்ஓஏ இல்லாத இடத்தில் வாங்கியிருக்கலாமே என்று பின்னூட்டம் எழுதக் காத்திருப்பவர்களுக்கு: பள்ளிக்கும் வேலைக்கும் பக்கத்தில் அப்படிப்பட்ட வீடு என் விலைக்குள் இருந்தால் விலாசம் அனுப்புங்கள். நீங்கள் ஏற்கெனவே வெட்டியிருந்தாலும் பதற வேண்டாம். டெக்சஸில் அபராதம் விதிக்கும் முன் அறிவிப்பும், சரிசெய்ய நியாயமான அவகாசமும் தர வேண்டும். 2024 முதல் அபராதப் பட்டியலையும் சங்கம் வெளிப்படையாக வைத்திருக்க வேண்டும். அபராதத்துக்காக மட்டும் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது. சந்தாவை நிறுத்திவிட்டால் கதை வேறு, அதைச் செய்யாதீர்கள்.

ஒப்புதல் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது விதிமீறல் ஏதும் உண்டா என்று சங்கத்திடம் சான்று கேட்பார்கள். எனக்கு அது முன்னதாகவே உதவியது. முதல் கோடையில் எங்கிருந்தோ தேரைகள் வந்து இரவெல்லாம் கத்த, அனுமதியின்றி விலங்கு வளர்ப்பதாக ஒரு கடிதம் வந்தது. ஒப்புதலின் நகலை இணைத்து, அவை நான் அழைத்து வந்தவை அல்ல, வேலிக்கு அப்பாலிருந்து வந்தவை, எந்த விதியின்கீழ் எப்படி வெளியேற்றுவது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும் என்று பதில் அனுப்பினேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.