கஞ்சா பரிசோதனையில் சிக்கிய கல்லூரி வீரர்: பதில் எழுதும் முன்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது, கல்லூரிக் கபடி வீரன். போட்டியன்று எடுத்த சிறுநீரில் கஞ்சா இருப்பதாக நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அளவு, மில்லிலிட்டருக்கு 310 நானோகிராம். ஆறு நாள் முன்பு நண்பன் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை இழுத்தானாம். நாலு வருஷம் தடை வருமா? மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடலாமா?

பதில்: கடிதத்தை நிறுத்தி வையுங்கள். அதில் அவசரப்பட்டு எழுதும் ஒரு வரி, பிறகு அவருக்கே எதிரான சாட்சியாகிவிடும்.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சி, கோகைன், ஹெராயின், எம்டிஎம்ஏ (எக்ஸ்டஸி) ஆகிய நான்கையும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் 2021 விதிகள் தனியாகப் பார்க்கின்றன. போட்டி நேரத்துக்கு வெளியே எடுத்தது, ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வீரர் நிரூபித்தால் தடை 3 மாதம்தான். நாடா ஒப்புக்கொண்ட சிகிச்சையை முடித்தால் 1 மாதமாகக் குறையலாம். நீங்களே பார்த்துச் சேர்த்துவிடும் கவுன்சலிங் இதற்குப் போதாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஷகாரி ரிச்சர்ட்சனுக்கு 2021-ல் கிடைத்தது இந்த 1 மாதம். ஆனால் தகுதிப் போட்டியில் அவர் பெற்ற வெற்றி ரத்தானது, அதுவே டோக்கியோ 100 மீட்டர் வாய்ப்பைப் பறித்தது.

போட்டி நேரம் பொதுவாக முந்தின நாள் இரவு 11.59-க்கே தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எடுத்திருந்தால், ஆட்டத்துக்காக அல்ல என்று காட்டினாலும் தடைக் கணக்கு 2 ஆண்டிலிருந்து தொடங்கும். வேண்டுமென்றே விதியை மீறினார் என்று நாடா நிரூபித்தால்தான் 4 ஆண்டு.

இப்போது அந்த 310-க்கு வருவோம். டிஹெச்சிக்கு வரம்பு 150. ஆய்வகம் 180-ஐத் தாண்டினால்தான் பாசிட்டிவ் என்று எழுதும். ஒரே தடவை இழுத்தவர் உடலில் ஆறு நாள் கழித்து 310 நிற்பது கடினம், விசாரணையில் நிபுணர் இதைத்தான் முதலில் பிடிப்பார். அடிக்கடி புகைப்பவருக்கோ அது கொழுப்பில் தங்கி நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்கூட வெளியேறும். மகனைத் தனியே உட்கார வைத்து, திட்டாமல் கேளுங்கள். பழக்கம் இருக்கிறது என்பது உண்மையானால் அதைச் சொல்வதே அவருக்கு நல்லது: அளவும் பொருந்தும், சிகிச்சைக்கும் வழி திறக்கும். 'ஒரே தடவை' பொய் உடைந்தால் 3 மாதச் சலுகையும் கூடவே போகும்.

ஆனால் இந்த வாக்குமூலத்துக்கு இன்னொரு முனை உண்டு. போதைப்பொருள் சட்டம் 27-ஆம் பிரிவில், கஞ்சா உட்கொண்டதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தானாகச் சிகிச்சைக்குப் போகும் போதை அடிமைகளுக்கு 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. அதனால் வாசகத்தை வழக்கறிஞர் எழுதட்டும். கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், தேதியோடு வாட்ஸ்அப் செய்திகள், கூட இருந்தவரின் பிரமாணப் பத்திரம் எல்லாவற்றையும் இன்றே திரட்டுங்கள். அதே சிறுநீரின் இரண்டாவது குப்பியான 'பி' மாதிரியையும் பரிசோதிக்க வேண்டுமென்றால் நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் கேட்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும்.

டிஹெச்சிக்குத் தற்காலிக இடைநீக்கம் கட்டாயமில்லை. மகன் தானே எழுத்தில் ஏற்றுக்கொண்டால் அந்த நாட்கள் பிறகு தடையில் கழியும். ஏற்றபின் மாவட்டச் சங்கம் நடத்தும் போட்டியில் ஒரு ரவுண்டு ஆடினாலும் அதுவரை கழிந்த நாட்கள் வீண்.