ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும் வரை

கேள்வி: கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்ய வேண்டும் என்று வீட்டுக்குப் பக்கத்துப் பல் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் நன்றாகப் பேசுகிறார், இடமும் பளபளவென்று இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் போனவருக்குப் பயன்படுத்திய கருவியை உதவியாளர் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அப்படியே தட்டில் வைத்ததைப் பார்த்துவிட்டேன். பல் சிகிச்சையில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை எல்லாம் தொற்றுமா? ஒரு கிளினிக் நல்லதுதானா என்று என்னைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது.

பதில்: அவர் துடைத்தது எது என்பதுதான் முதல் கேள்வி. நாற்காலியின் கைப்பிடி, தலைக்கு மேலே இருக்கும் விளக்கு என்றால் கிருமிநாசினி போட்டுத் துடைத்தால் போதும். வாய்க்குள் போன கண்ணாடியோ, பல்லைக் குத்திப் பார்க்கும் கம்பியோ, டிரில் பண்ணும் கருவியோ என்றால் போதவே போதாது, உங்கள் பயம் நியாயமானது. ஸ்பிரிட் எல்லாக் கிருமியையும் கொல்லாது, காய்ந்த ரத்தத்துக்கு அடியில் போகவும் போகாது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கும், அதனால் எனக்கு எச்.ஐ.வி.யைவிட அதைப் பற்றித்தான் அதிகக் கவலை. ஒழுங்காக நடக்கும் கிளினிக்கில் இரண்டுமே வருவது மிக மிக அரிது.

சரி, எதைப் பார்ப்பது? வரவேற்பறையின் சோபாவையும் ஏ.சி.யையும் பார்க்காதீர்கள். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் உட்காருவதற்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள், அந்த ஐந்து பத்து நிமிடத்தில் கிளினிக்கின் வண்டவாளம் முழுவதும் தெரிந்துவிடும்.

கருவிகள் ஒரு கவரில் வர வேண்டும். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக், ஒட்டி மூடியிருக்கும். ஓரத்தில் சின்னதாக ஒரு குறி இருக்கும், நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் இயந்திரத்துக்குள் போய் வந்தால் அதன் நிறம் மாறும். கவரை உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும். கவர் ஈரமாகவோ கிழிந்தோ இருந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். நிறம் மாறியதால் மட்டும் உள்ளே எல்லாம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, சூடும் நீராவியும் பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். இயந்திரம் உண்மையில் கொல்கிறதா என்று பார்க்க, எளிதில் சாகாத ஒரு வகைக் கிருமியின் வித்துகளை உள்ளே வைத்துச் சோதிப்பார்கள், வாரம் ஒருமுறை செய்வது நல்ல பழக்கம். ஆட்டோகிளேவ் என்பது பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன்தான்: 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம், அந்தச் சூட்டுக்கு ஏறிய பிறகு கணக்கு. வெந்நீரில் கொதிக்க வைப்பது இதற்கு ஈடாகாது. நீல விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டி ஒன்று சில இடங்களில் இருக்கும், பார்க்க ரொம்ப அறிவியலாகத் தெரியும், அது சுத்தம் செய்த கருவியை வைக்கிற அலமாரி, அவ்வளவுதான்.

டிரில் கருவியை, ஹேண்ட்பீஸ் என்பார்கள், தனியாகச் சொல்ல வேண்டும். சுழல்வது நிற்கும் அந்த நொடியில் வாயில் இருக்கும் எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், அடுத்தவர் வாயில் சுழலும்போது வெளியே வரும். அதனால் அதையும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆட்டோகிளேவில் போட்டாக வேண்டும். விலை உயர்ந்த பொருள், சூட்டில் ஆயுளும் குறையும், எனவே துடைத்தே ஓட்டுகிற இடங்கள் உண்டு. நான் படித்து முடித்து முதலில் வேலை பார்த்த கிளினிக்கில் மொத்தமே மூன்று இருந்தன, சாயங்காலக் கூட்டத்தில் நானும் துடைத்துத்தான் பயன்படுத்தினேன், இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. “டாக்டர், உங்களிடம் எத்தனை ஹேண்ட்பீஸ் இருக்கிறது?” என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு நாளைக்கு இருபது பேரைப் பார்க்கிறார் என்றால் கணக்கு இடிக்கிறது.

அப்புறம் தண்ணீர். நாற்காலியோடு வரும் மெல்லிய குழாய்களில் தண்ணீர் தேங்கி உள்சுவரில் வழவழப்பாகக் கிருமிப் படலம் படியும். 2011இல் இத்தாலியில் 82 வயதுப் பெண்மணி ஒருவர் பல் மருத்துவமனைத் தண்ணீரிலிருந்து லெஜியோனெல்லா என்ற கிருமி தொற்றி, நிமோனியா வந்து இறந்தார். இது அபூர்வம், ஆனால் நடந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் 20, 30 விநாடி தண்ணீரை ஓடவிட வேண்டும். எலும்பு வரை போகும் அறுவைக்கு அந்தக் குழாய்த் தண்ணீரே கூடாது, கிருமியற்ற சலைன் வேண்டும்.

கிளவுஸைக் கவனியுங்கள். உங்கள் வாயில் கை வைத்த அதே கிளவுஸோடு போனை எடுத்துப் பேசி, டிராயரைத் திறந்து, மறுபடி வாய்க்குள் வந்தால் அவர் போட்டிருப்பது அவர் கையைக் காப்பாற்ற மட்டும்தான். மரத்துப்போகும் ஊசி எல்லாருக்கும் புதிது, இதில் பேச்சே இல்லை.

சுத்தம் மட்டும் தரமில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டாரா, நீங்களாகச் சொன்னீர்களா? என்ன மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா, மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் ஊசியைத் தூக்குபவரிடம் ஆட்டோகிளேவ் பத்து இருந்தாலும் நான் போகமாட்டேன். ரூட் கேனாலுக்குப் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் ஒன்றைக் கட்டுவார்கள், எச்சில் உள்ளே போகாது, மெல்லிய ஊசி போன்ற கருவி தவறித் தொண்டைக்குள்ளும் போகாது. அதைப் போடுவாரா என்று கேளுங்கள். எக்ஸ்ரேவைக் காட்டி எங்கே சொத்தை, ஏன் ரூட் கேனால், வேறு வழி உண்டா என்று விளக்கச் சொல்லுங்கள். பதிவு எண் சுவரிலோ சீட்டிலோ இருக்க வேண்டும்.

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பலரும் தயங்குவார்கள். “கவரை என் முன்னால் பிரிப்பீர்களா டாக்டர்?” என்று கேட்டதற்கு முகம் சுளித்தால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். கிருமி நீக்கும் இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தேடலில் பல்லை மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், பல்லில் சீழ் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவதே சிரமம். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிகிச்சை நாளில் வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, முடிந்தால் காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை என்றால் உங்கள் சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள், வழக்கமாக மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.