ஹெர்மீஸ் கப்பலுக்கு ஒரே சிலிண்டரோடு இறங்கலாமா?

பாசிக்குடாவில் ஒரு விடுதியில் சுற்றுலாப் பயணிகளைப் பவளப்பாறை பார்க்க அழைத்துச் செல்லும் களுவாஞ்சிகுடி இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கடந்த ஆண்டு ஸ்கூபா பயிற்சி முடித்து ஓப்பன் வாட்டர் சான்றிதழ் எடுத்தேன். விருந்தினர்கள் எல்லோரும் ஹெர்மீஸ் கப்பலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கப்பலின் மேற்பகுதி 42 மீற்றரில் இருக்கிறது, ஒரு சிலிண்டரோடு இறங்கித் தொட்டுவிட்டு உடனே ஏறிவிடலாம் என்று படகுக்காரர் ஒருவர் சொல்கிறார். போகலாமா? உலகின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் அதுதான், விமானங்கள் இன்னும் உள்ளே கிடக்கின்றன என்று அப்பப்பா சொல்வார். உண்மையா? நினைவாக ஒரு பித்தளைத் துண்டு எடுத்து வரலாமா?"

போக வேண்டாம், தம்பி. இந்தப் பருவத்தில் மட்டுமல்ல, அடுத்த பருவத்திலும் வேண்டாம். 1942இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கியான ஹெர்மீஸ் உங்களுக்கு என்றைக்கும் எட்டாதது என்று சொல்லவில்லை. எட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது, அது சில ஆண்டுகள் பிடிக்கும். ஏன் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்தால் படகுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்துவிடும்.

உங்கள் சான்றிதழின் எல்லை 18 மீற்றர். ஹெர்மீஸ் கிடக்கும் கடலடி ஏறக்குறைய 53 மீற்றர். படகுக்காரர் சொல்வதுபோல மேற்பகுதி 42 மீற்றரில் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆழத்தில் அழுத்தம் 5.2 பார், அதாவது கரையில் இருப்பதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். கரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றை உள்ளிழுக்கும் ஒருவர் அங்கே நிமிடத்துக்கு 104 லீற்றர் செலவழிப்பார். வழக்கமாகக் கிடைக்கும் 11 லீற்றர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் உள்ளே இருப்பது 2200 லீற்றர். இருபது நிமிடம் தாங்குமே என்று தோன்றும். ஆனால் சுழியோடியின் கணக்கு அங்கே தொடங்குவதில்லை. கூட வந்தவரின் காற்று நின்றுபோனால் இருவரும் ஒரே சிலிண்டரில் மேலே வரவேண்டும் என்பதில்தான் அது தொடங்குகிறது. பதற்றத்தில் ஆளுக்கு 30 லீற்றர் என்று வைத்தால் இருவருக்கும் நிமிடத்துக்கு 60. கீழே நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடத்துக்கு 310 லீற்றர். நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏறிவர ஐந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 930. ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க 270. ஆக மொத்தம் 1500 லீற்றரைத் தொடவே கூடாது. மிஞ்சுவது 700 லீற்றர். அந்த ஆழத்தில் அது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. இறங்கும்போது செலவாவதும் இதற்குள்தான் அடங்கவேண்டும். நீரோட்டம் இழுக்கும் நாளில் கப்பலைக் கண்ணால் காணும் முன்னரே திரும்பவேண்டிய நேரம் வந்துவிடும்.

இது காற்றின் அளவைப் பற்றிய கணக்கு மட்டுமே. காற்றின் தன்மை அதைவிட மோசமாக வேலை செய்யும். ஆழத்தில் காற்று அடர்த்தியாகிறது. லீற்றருக்கு 6.2 கிராமுக்கு மேல் அடர்த்தியான வாயுவைச் சுவாசிக்கக் கூடாது என்பது ஆழ்கடல் மருத்துவ ஆய்வாளர்கள் வகுத்த மேல்வரம்பு. சாதாரணக் காற்று 39 மீற்றரிலேயே அதை எட்டிவிடுகிறது. அதற்குக் கீழே எவ்வளவு இழுத்தாலும் கரியமில வாயு முழுவதும் வெளியேறாது. உடலில் தேங்கும் அந்த வாயு பதற்றத்தைக் கிளப்பும், பதற்றம் மூச்சை வேகப்படுத்தும், வேகமான மூச்சு மேலும் தேக்கும். கூடவே நைதரசன் மயக்கமும் சேரும். அதன் கொடுமை என்னவென்றால், மயங்கியிருப்பவருக்குத் தான் மயங்கியிருப்பது தெரியாது. அழுத்தமானியைப் பார்ப்பார், முள் காட்டும் எண் மனதில் பதியாது. "தொட்டுவிட்டு உடனே ஏறிவிடலாம்" என்பது கரையில் நிற்கும் தெளிந்த மூளை போடும் திட்டம். கீழே இருக்கும் மூளை அது அல்ல.

ஒட்சிசன் கூட்டிய காற்றான நைற்றொக்ஸ் எடுத்துப் போகலாமா என்று அடுத்து யாராவது யோசனை சொல்லக்கூடும். 32 வீத ஒட்சிசன் கலவையின் பாதுகாப்பான எல்லை 33 மீற்றர்தான். அதோடு 53 மீற்றருக்குப் போனால் ஒட்சிசனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஒட்சிசனின் பங்கு, 2 பாரை எட்டும். முன்னறிவிப்பு இல்லாமல் வலிப்பு வரக்கூடும், வாயிலிருக்கும் குழாய் நழுவும். நீருக்கடியில் அதற்கு மருந்து கிடையாது.

முறையாக ஹெர்மீஸுக்குப் போகிறவர்கள் ஒட்சிசன், நைதரசன், ஹீலியம் மூன்றும் கலந்த டிரைமிக்ஸ் வாயுவோடுதான் போகிறார்கள். 18 வீத ஒட்சிசன், 45 வீத ஹீலியம் உள்ள கலவையில் 53 மீற்றரில் ஏற்படும் மயக்கம், சாதாரணக் காற்றோடு 20 மீற்றரில் இருப்பதற்குச் சமம். முதுகில் இரட்டைச் சிலிண்டர், பக்கவாட்டில் மேலேறும்போது சுவாசிக்க வேறு கலவைகள், ஏறும் வழியில் பல இடங்களில் நிறுத்தம். ஹீலியம் மட்டக்களப்பில் நினைத்த நேரம் வாங்கும் பொருள் அன்று. அதற்கான செலவையும் ஏற்பாட்டையும் பார்த்தாலே, "ஒரு சிலிண்டரோடு" என்பவர் எதை விற்கிறார் என்பது புரியும்.

உங்களுக்கான வழி இது. அடுத்த பருவத்தில் அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர் எடுங்கள். 30 மீற்றர் வரை போகலாம். அதோடு உங்கள் வேலையிடத்திலிருந்தே படகில் போகக்கூடிய பிரிட்டிஷ் சார்ஜண்ட் கப்பலுக்கு இறங்குங்கள். ஹெர்மீஸ் மூழ்கிய அதே நாளில் அதே விமானங்கள் மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல் அது. 1922இல் கட்டப்பட்டது. இரண்டாக உடைந்து ஏறக்குறைய 24 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதை இரண்டாந்தரச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். உடைந்த கப்பலைச் சுற்றி நீந்தும் ஒழுங்கு, கைவிடப்பட்ட வலையில் சிக்காமல் நகர்வது, சேற்றைக் கிளப்பாமல் மிதப்பது, வழிகாட்டிக் கயிற்றைப் பிடித்து இறங்கி அதே கயிற்றில் ஏறுவது எல்லாவற்றையும் அங்கே கற்கலாம். வலை வெட்ட ஒரு கத்தி எப்போதும் கையில் இருக்கட்டும். மீன் கூடும் இடமென்பதால் மூழ்கிய கப்பல்களில் வலை சிக்காமல் இருப்பது அரிது. பிறகு மீட்புப் பயிற்சி, 40 மீற்றருக்கான ஆழ்சுழியோடல் பயிற்சி, அதன்பின் இடையிடையே நின்று மேலேறும் படிநிறுத்த முறைகள், கடைசியில் 60 மீற்றர் வரை அனுமதிக்கும் டிரைமிக்ஸ் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் நடுவே நிறையச் சுழியோட்டம் வேண்டும். இத்தனை ஆண்டா என்று சலிக்காதீர்கள். உங்கள் தொழிலே கடல். இந்தப் படிகள் ஒவ்வொன்றும் உங்கள் சம்பளத்தையும் உயர்த்தும்.

காலத்தைப் பொறுத்தவரை நம் கரையில் சித்திரை கழிந்து புரட்டாதி வரைதான் கடல் இடம்கொடுக்கும். மாரி தொடங்கினால் வாவியும் ஆறுகளும் கொட்டும் கலங்கல் நீரில் எதுவும் தெரியாது. கச்சான் வீசும் மாதங்களில்கூட விடிந்ததும் போய்ப் பகல் ஏறுமுன் திரும்பிவிடவேண்டும் என்பது உங்கள் வீட்டு மீனவர்களுக்கே தெரிந்த பாடம்.

இனிக் கப்பலின் கதை. உங்கள் அப்பப்பா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைச் சரியாகச் சொன்னால் விருந்தினர்கள் இன்னும் ஆவலாகக் கேட்பார்கள்.

ஓடுதளம் முழுவதும் தட்டையான முதல் விமானந்தாங்கி, 1918இல் சேவைக்கு வந்த ஆர்கஸ். ஆனால் அது பயணிகள் கப்பலாகக் கட்டத் தொடங்கி இடையில் மாற்றப்பட்டது. விமானந்தாங்கியாகவே வரைந்து, விமானந்தாங்கியாகவே அடிமரம் போட்ட முதல் கப்பல் ஹெர்மீஸ்தான். இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஆம்ஸ்ட்ரோங் விட்வேர்த் தளத்தில் 1918 ஜனவரியில் வேலை தொடங்கியது. 1919 செப்டெம்பரில் நீரில் இறக்கினார்கள். ஆனால் போர் முடிந்ததும் பிரித்தானியர் அவசரத்தை விட்டார்கள். வடிவமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். அதற்குள் பிறகு தொடங்கிய ஜப்பானியரின் ஹோஷோ முந்திக்கொண்டு 1922 டிசம்பரில் சேவைக்கு வந்துவிட்டது. ஹெர்மீஸ் வந்தது 1924இல். ஆகவே "விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல்" என்று சொல்லுங்கள். யாரும் மறுக்க முடியாது. அந்த ஹோஷோவின் கடற்படையே இருபது ஆண்டு கழித்து ஹெர்மீஸை நம் கரையில் மூழ்கடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

180 மீற்றருக்குச் சற்று அதிக நீளம், 25 நொட் வேகம், இருபது விமானங்கள் வரை இடம். பிறகு வந்த கப்பல்களோடு ஒப்பிட்டால் சிறியது, மெதுவானது. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சீனக் கடலில் கழித்தது. 1940இல் மேற்கு ஆபிரிக்காவின் டக்காரில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ரிஷலியுவைத் தாக்கியது அதன் விமானங்கள்தான்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்தது திருகோணமலை என்று தெரிந்ததும் 8ஆம் திகதி இரவு துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே போகச் சொன்னார்கள். ஹெர்மீஸும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயரும் கரையை ஒட்டித் தெற்கே வந்தன. 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய உளவு விமானம் ஒன்று கண்டுவிட்டது. திருகோணமலைக்குத் திரும்பும்படி கட்டளை வந்தது. விமானப் பாதுகாப்புக்குள் போவதற்குள் 10.35 மணியளவில் குண்டுகள் விழத் தொடங்கின. இருபது நிமிடத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வம்பயரும் உடைந்து மூழ்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அருகில் வந்த மருத்துவக் கப்பல் வீட்டா ஏறக்குறைய 600 பேரை நீரிலிருந்து எடுத்தது. சிலர் நீந்தியே நம் கரை சேர்ந்தார்கள். ஹொலிஹொக் என்ற காவல் கப்பலும் அது காத்துவந்த அதல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலும் அன்றே போயின.

உள்ளே விமானம் கிடக்கிறதா என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. கப்பலின் 814ஆம் படைப்பிரிவு விமானங்கள் அன்று திருகோணமலையில் சீனக்குடாத் தளத்தில் கரையில் நின்றன. பறக்கக்கூடிய விமானம் ஒன்றுகூட இல்லாமல்தான் அந்த விமானந்தாங்கி குண்டுவீச்சை எதிர்கொண்டது. உதவிக்கு அனுப்பிய போர்விமானங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கப்பலைப் பற்றி என் மனதை மிகவும் உறுத்துவது இந்தச் செய்திதான்.

இணையத்தில் தேடும்போது ஓர் எச்சரிக்கை. ஹெர்மீஸ் என்ற பெயரில் பல கப்பல்கள் உண்டு. கடல்விமானங்களைச் சுமந்த பழைய ஹெர்மீஸை 1914 ஒக்டோபரில் டோவர் நீரிணையில் யூ-27 என்ற ஜேர்மன் நீர்மூழ்கி வீழ்த்தியது. 1982 போக்லாந்துப் போரில் தலைமைக் கப்பலாக நின்ற ஹெர்மீஸ் பிறகு இந்தியாவுக்கு விற்கப்பட்டு விராட் என்ற பெயரில் 2017 வரை ஓடியது. நம் கப்பல் நீர்மூழ்கியால் மூழ்கியது என்று சிலர் எழுதுவதும், அதன் படமென்று விராட்டின் படத்தைப் போடுவதும் இந்தக் குழப்பத்தால்தான். நம் கப்பலின் அடையாள எண் 95.

பித்தளைத் துண்டுக்கு வருகிறேன். எடுக்கக் கூடாது. போர்க்கப்பல் எந்த நாட்டுக் கடலில் மூழ்கினாலும் அதன் உரிமை கொடி நாட்டுக்கே என்பது நாடுகள் ஏற்றுக்கொண்ட வழக்கம். அது இலங்கையின் கடல் எல்லைக்குள் கிடப்பதால் நம் அரசின் அதிகாரமும் சேர்கிறது. இவற்றைவிட முக்கியம், அது மனிதர் இறந்து கிடக்கும் இடம். நம் கரையிலும் கடல் கொண்டுபோன உறவுகளுக்குக் கல்லறை இல்லாத வீடுகள் ஏராளம். இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொருவரும் ஒரு துண்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாக் கடலைப் பாருங்கள்: 1942இல் அங்கே மூழ்கிய எக்ஸெட்டர், டி ரோய்ட்டர் போன்ற பெரும் போர்க்கப்பல்களை 2016இல் தேடிப் போனபோது கடலடியில் பள்ளம்தான் இருந்தது. பழைய இரும்புக்காரர்கள் முழுக் கப்பலையே அள்ளியிருந்தார்கள். மேலும் ஹெர்மீஸின் பீரங்கிகளுக்கான வெடிகுண்டுகள் இன்னும் வெடிக்கக்கூடும். பித்தளை என்று நீங்கள் தட்டுவது குண்டின் உறையாக இருக்கலாம்.

கடைசியாக, எந்தக் கப்பலுக்கு எந்தப் படகில் ஏறினாலும் புறப்படுமுன் கேளுங்கள்: படகில் தூய ஒட்சிசன் சிலிண்டரும் முகமூடியும் இருக்கின்றனவா? நாங்கள் கீழே இருக்கும்போது படகில் நிற்பவருக்கு அதைக் கொடுக்கத் தெரியுமா? மேலே வந்தபின் அழுத்த மாற்றத்தால் வரும் நோயின் அறிகுறிகளான மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய களைப்பு ஏதாவது தோன்றினால் உடனே ஒட்சிசன் கொடுத்து, படுக்கவைத்து, 1990 அம்புலன்ஸை அழைக்கவேண்டும். வலி குறைக்க மறுபடி நீருக்குள் இறங்கவே கூடாது. அழுத்த அறைச் சிகிச்சை கடற்படையிடம் திருகோணமலையில்தான். மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் சாலைப் பயணம். இந்த இரண்டு கேள்விக்கும் "ஆம்" என்று சொல்லாத படகில் 10 மீற்றருக்குக்கூடப் போகவேண்டாம். மாரி மாதங்களில் கடல் மூடியிருக்கும்போது காது, நெஞ்சு, இரத்த அழுத்தம் மூன்றையும் மருத்துவரிடம் காட்டிச் சுழியோடத் தகுதிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ்ட் வகுப்புக்கு அதைக் கேட்கக்கூடும்.