கிறிஸ்தவராக வாழும் ஒருவர் தன் விசுவாசத்தை மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். அலுவலகத்தில் ஆண்டவரைப் பற்றி வாய் திறந்தால் ‘மதம் மாற்ற வந்துட்டான்’ என்கிறார்கள், பேசாமல் இருந்தால் சபையில் ‘சாட்சி இல்லாத ஜீவியம்’ என்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஊரை விட்டு வந்து முதல் வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி என்று நினைக்கிறேன். மேசையில் ஒரு வசன அட்டை வைத்திருப்பீர்கள். அதை எடுத்துவிடலாமா, இருக்கட்டுமா என்று ஒவ்வொரு நாளும் யோசிப்பீர்கள். நானும் இருபது வயதில் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இறையியல் படித்தவன் இல்லை, பிரசங்கியும் இல்லை. உடன்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பலசரக்குக் கடை, கூடவே கருப்பட்டி மொத்த வியாபாரம். அப்பா தொடங்கியது. கடையின் பெயரே வேதாகமத்திலிருந்து வைத்தது. கல்லாவுக்கு மேலே வசனக் காலண்டர் தொங்கும். காலையில் கடை திறந்ததும் ஒரு ஜெபம். கருப்பட்டியில் சீனி கலப்பது இன்று எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். நாங்கள் ஒரு நாளும் கலந்ததில்லை. சென்னைக்கும் மதுரைக்கும் சரக்கு அனுப்பும்போது ‘கிறிஸ்தவன் கடைச் சரக்கு, கலப்படம் இருக்காது’ என்று வாங்குகிறவர்களே சொல்வார்கள். அதைக் கேட்க அவ்வளவு பெருமையாக இருக்கும். என் விசுவாசத்தை ஊருக்குக் காட்டிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விற்கிற பக்கம் மட்டும்தான் நான் பார்த்தேன். வாங்குகிற பக்கம் ஒன்று இருந்தது.

பனைத்தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதநீர் சீசனில் பனையேறுகிறவர் விடியுமுன் மரம் ஏறுவார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரே மரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது ஏற வேண்டும், அப்படி முப்பது நாற்பது மரம். இறக்கிய பதநீரைக் காய்ச்சுவது வீட்டுப் பெண்கள். கோடை வெயிலில், ஓலைக் குடிசைக்குள், அடுப்பு முன்னால் மணிக்கணக்காகக் கிண்டி, பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்தக் கைகள்தான். அவர்களில் பாதிப் பேர் சீசனுக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாங்கியவரிடம்தான் சரக்கைப் போட வேண்டும். வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது.

அப்படிக் கொண்டுவரும் கருப்பட்டியில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ ‘ஈரக்கழிவு’ என்று பிடிப்போம். புதுக் கருப்பட்டியில் ஈரம் இருக்கும், பரணில் வைத்தால் காய்ந்து எடை குறையும், அந்த நஷ்டத்துக்கு ஈடு. இது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. எனக்குத் தெரிந்த வியாபாரிகள் எல்லாரும் பிடித்தார்கள். அப்பா பிடித்தார், நானும் பிடித்தேன். அது தப்பு என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை.

2013 மே மாதம். எங்கள் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. நடுவகுப்புக்கு நான்தான் வாத்தியார். பாட்டு, ஆக்‌ஷன், கடைசியில் பன்னும் டீயும் உண்டு என்பதால் ஊரில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள், இந்துப் பிள்ளைகளும்தான். அதில் ஒரு பனையேறி வீட்டுப் பிள்ளை, ஒன்பது வயது இருக்கும். மனப்பாட வசனத்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. காலையில் சொல்லிக் கொடுத்தால் பன் வாங்கும்போது ஒப்பித்துவிடுவாள். அந்த வாரத்து வசனம் நீதிமொழிகள் 11:1. ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.’ சுமுத்திரை என்றால் என்ன சார் என்று கேட்டாள். கடைத் தராசுக்கு அரசாங்கத்தில் முத்திரை வைத்துக் கொடுப்பார்கள் இல்லையா, அதுமாதிரிச் சரியான எடைக்கல் என்று விளக்கினேன். எங்கள் கடைத் தராசையே உதாரணம் காட்டினேன்.

அன்று சாயங்காலம் அவள் அம்மாவோடு கடைக்கு வந்தாள். அந்த அக்கா ஓலைப்பெட்டியை இறக்கி, கருப்பட்டியைத் தட்டில் அடுக்கினார். மின்னணுத் தராசு. சிவப்பு எழுத்தில் 11.200 என்று நின்றது. நான் நோட்டில் 10 என்று எழுதினேன். பிள்ளை தராசுத் தட்டுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், பதினொண்ணு இருநூறுன்னு காட்டுது” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. வகுப்பில் நான் கரும்பலகையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் எடுத்துச் சொல்வாளே, அதே குரல்.

“ஈரக்கழிவு, பாப்பா” என்றேன். அந்த அக்கா அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். “சும்மா நில்லு.”

மறுநாள் வகுப்பில் வசனம் ஒப்பிக்கும் நேரம். எப்போதும் முதலில் எழுந்து நிற்கிறவள் அன்றைக்குக் கை தூக்கவில்லை. நானே கூப்பிட்டேன். எழுந்தாள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “எனக்கு மறந்துபோச்சு சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு நிஜமாகவே மறந்ததா, எனக்குத் தெரியாது. என்னால் மேலே வகுப்பு எடுக்க முடியவில்லை. இன்னொரு டீச்சரிடம் விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

உடனே மனந்திரும்பிவிட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. முதலில் நான் செய்தது எனக்காக வாதாடியதுதான். கருப்பட்டி எடை குறைவது உண்மைதானே? சரி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிடுவோம் என்று பத்துக் கிலோ புதுச் சரக்கைத் தனியாக ஓலைப்பெட்டியில் கட்டி, தேதி எழுதிப் பரணில் வைத்தேன். அந்த மாதம் முழுவதும் பழையபடிதான் கழிவும் பிடித்தேன், நிறுத்தத் தைரியம் வரவில்லை. மாதம் முடிந்து நிறுத்துப் பார்த்தால் 9.600. 400 கிராம்தான் குறைந்திருந்தது. நான் பிடித்தது ஒரு கிலோ. அப்பா காலத்திலிருந்து யாரும் நிறுத்துப் பார்க்கவே இல்லை.

தராசில் அரசாங்க முத்திரை இருந்தது, வருஷா வருஷம் தவறாமல் வைத்தோம். அந்தத் தராசு காட்டிய எடையை நோட்டில் ஏற்றும்போது நான் களவு செய்தேன். இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். “ஏல, ஊரு பூரா பிடிக்கான். நீ மட்டும் பிடிக்காம இருந்தா நாளைக்குக் கடைய எவன் நடத்துவான்?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. எத்தனையோ பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்த மனுஷன். அன்று இரவு மூன்று சீசன் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய நோட்டுகள் கரையான் அரித்துப் போய்விட்டன. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டியது 72 கிலோ வந்தது, விலை போட்டால் 8,600 ரூபாய்ச் சொச்சம். மொத்தம் ஒன்பது குடும்பம். வேதாகமத்தில் வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் (நான்கு மடங்காக) திருப்பிக் கொடுத்தான், நீ ஒரு மடங்குதானே கொடுத்தாய் என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. அந்த ஒரு மடங்குக்கே மனைவியின் வளையலை அடகு வைத்தேன்.

சீசன் முடிகிற சமயம், பணத்தை எடுத்துக்கொண்டு அந்த அக்காவின் குடிசைக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். விவரம் சொன்னேன். ரொம்ப நேரம் சுற்றி வளைத்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “எங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி. எல்லாருக்கும் தெரியும். முன்பணம் வாங்கியாச்சு, வேற எங்க கொண்டுட்டுப் போக?”

தம்பி, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. காலண்டர் வசனத்தைப் பார்த்துக்கொண்டே, கடை ஜெபத்தைக் கேட்டுக்கொண்டே, அந்த ஒன்பது குடும்பமும் என் கிறிஸ்தவத்தைப் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ என்று இத்தனை வருஷம் அளந்து வைத்திருந்தார்கள். எப்படிக் காட்டுவது என்று நீங்கள் கேட்கிறீர்கள். நீங்கள் காட்டினாலும் காட்டாவிட்டாலும், உங்களுக்குக் கீழே இருக்கிறவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மலைப்பிரசங்கத்தில் ‘உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கக்கடவது’ என்று சொன்ன அதே அதிகாரத்தில், கொஞ்சம் தள்ளி, பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்றும் இருக்கிறது. முதலாவதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். இரண்டாவதை அந்த அளவுக்குக் கேட்டதில்லை.

இதைப் படித்துவிட்டு இரண்டு தரப்பிலிருந்தும் வருவார்கள் என்று தெரியும். இது மதம் மாற்றுகிற கதை என்று சொல்ல வருகிறவர்களுக்கு: அந்த அக்கா இன்றும் அம்மன் கோயிலுக்குத்தான் போகிறார், கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறார். எங்கள் சபைக்கு வாருங்கள் என்று நான் ஒரு நாளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்தப் பணம் கைக்கூலி ஆகியிருக்கும். கிரியையினால் இரட்சிப்பு இல்லை என்று எபேசியர் 2:8, 9 எடுத்துக்கொண்டு வருகிற விசுவாசிகளுக்கு: ஒத்துக்கொள்கிறேன். தயவுசெய்து அடுத்த பத்தாம் வசனத்தையும் வாசித்துவிட்டு வாருங்கள், நற்கிரியைகளைச் செய்வதற்கே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அதில் இருக்கிறது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அறுப்பின் பண்டிகையில் ஏலம் உண்டு. விளைந்ததில் முதல் பங்கை ஆண்டவருக்குக் கொண்டுவரும் அழகான வழக்கம் அது. இப்போது அது எங்கே வந்து நிற்கிறது? ஒரு முருங்கைக்காயைப் பத்தாயிரத்துக்கு எடுக்கிறார்கள், மைக்கில் பெயரை மூன்று தடவை சொல்கிறார்கள், எல்லாரும் கை தட்டுகிறார்கள். ஒரு தடவை அப்படி எடுத்தவரிடம் வேலை பார்த்த கொத்தனார், இரண்டு மாதக் கூலி பாக்கி என்று எங்கள் கடையில் அரிசியைக் கடன் சொல்லி வாங்கிப் போனார். அதே வாரம். யாக்கோபு 5:4ஐ எடுத்துப் பாருங்கள், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. மைக் சத்தத்தில் அந்தக் கூக்குரல் கேட்கவில்லை. யார், எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. சபையைக் கேவலப்படுத்துகிறேன் என்பார்கள். நான் அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன், அங்கேதான் அடக்கம் ஆகப்போகிறவன். வலிக்கிறது, அதனால் சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, திருநெல்வேலி மாவட்டத்தில் டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் அங்கே வந்து, கோயில்களுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் வளர்த்தார். 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு பெரும்பாலும் படுக்கைதான், 1951இல் இறக்கும்வரை. ஐம்பது வருஷத்துக்கு மேல் சொந்த ஊருக்கே திரும்பிப் போகவில்லை. தனக்குக் கல்லறைக்கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். நம் தேவாலயங்களில் மின்விசிறி இறக்கையில்கூட உபயம் என்று பெயர் எழுதுகிற காலத்தில், அது பார்க்க வேண்டிய இடம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மேசையில் வசன அட்டை இருக்கட்டுமா என்றால், இருக்கட்டும், அதில் ஒன்றும் இல்லை. அதற்கு முன் சில கணக்குகளைப் பாருங்கள். வெளியூர் போய்வந்த செலவுக்குப் போட்ட பில் சரியா? கூட வேலை பார்க்கிறவர் செய்ததை உங்கள் பெயரில் மேலே சொன்னீர்களா? அறை நண்பருக்குக் கொடுக்க வேண்டியது ஏதாவது பாக்கியா? டீ கொண்டுவரும் பையனின் பெயர் தெரியுமா? இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். எனக்கும் பத்துக்கு ஒன்று சின்ன விஷயமாகத்தான் இருந்தது. அப்புறம், யாராவது அவர்களாக வந்து ‘ஏன் இப்படி இருக்கிறாய்’ என்று கேட்டால், கூச்சப்படாமல் ஆண்டவர் பெயரைச் சொல்லுங்கள். அங்கேயும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை.

கழிவை 400 கிராமாகக் குறைத்த பிறகு இரண்டு வியாபாரிகள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அப்பா இறக்கும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடை ஓடுகிறது, முன்போல் லாபம் இல்லை. அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் விடுமுறைப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது நர்சிங் முடித்து வெளியூரில் வேலை பார்க்கிறாள். அந்த அக்கா மட்டும் சீசன் தவறாமல் பெட்டியோடு வருகிறார். தராசின் எண் தெரிகிற பக்கத்தை அவர்களைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். அவர் எடையை வாய்விட்டு வாசித்த பிறகுதான் நான் நோட்டில் எழுதுகிறேன்.