பத்து நிமிட மாணவர் குறும்படம்: இலக்கணம் ஏதும் உண்டா, எப்படித் திட்டமிடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து ஐந்து வாரத்தில் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். கையில் ஒரு கேமரா, இரண்டு மைக். குறும்படத்துக்கென்று இலக்கணம் உண்டா, எங்கிருந்து தொடங்குவது, எழுதி இயக்குபவரே நடிக்கவும் செய்யலாமா?

படிக்கும் காலத்தில் மூன்று குறும்படங்கள் எடுத்தேன். முதல் படத்தை இன்றுவரை வெளியாள் யாருக்கும் காட்டியதில்லை. ஆகவே பதில் சொல்ல எனக்குத் தகுதி நிறையவே இருக்கிறது.

நீளத்தை முதலில் முடித்துவிடலாம். ஆஸ்கர் தரும் அகாடமி, டைட்டில்களையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் அடங்குவதைக் குறும்படம் என்கிறது. கான் விழாவின் குறும்படப் போட்டியில் 15 நிமிடம்தான் எல்லை. விழாவுக்கு விழா இது மாறும். குறும்படங்களைப் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே காட்சியாகத்தான் திரையிடுவார்கள். அதில் 30 நிமிடப் படம் ஒன்று நுழைந்தால் மூன்று பத்து நிமிடப் படங்களின் இடத்தை அடைத்துக்கொள்ளும். தேர்வு செய்பவருக்கு அது உறுத்தத்தானே செய்யும்? உங்கள் பத்து நிமிடம் நல்ல அளவு. அதற்குள் டைட்டிலும் அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் எடுத்த படத்துக்கு இரண்டு நிமிடம் பெயர் ஓடுவதைப் பார்க்க உங்கள் அம்மாவே உட்கார மாட்டார்.

இலக்கணம் என்று சொல்வதைவிடப் பழக்கம் என்று சொல்லலாம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியே சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானவை. அவற்றில் ஒன்றில், தோட்டக்காரர் ஒருவர் குழாய் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னாலிருந்து ஒரு பையன் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. என்ன ஆயிற்று என்று அவர் குழாயின் வாய்க்குள் பார்க்கும் நேரம் பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர். துரத்திப் பிடித்து இரண்டு வைக்கிறார். ஓர் இடம், இரண்டு பேர், ஒரு பொருள், ஒரு விஷமம். நூறு ஆண்டுக்கு மேலாகியும் குறும்படத்துக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கவனித்தால், அந்தப் பையன் யார், ஏன் அப்படிச் செய்தான் என்பதெல்லாம் படத்தில் இல்லை. குறும்படம் சம்பவத்துக்கு ஒட்டி நுழைந்து, அது முடிந்த கையோடு வெளியேறுகிறது. ஓர் ஆளுக்கு ஏதோ ஒன்று வேண்டும், அதற்கு ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது, கடைசியில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. பத்து நிமிடம் இதற்குத்தான் கொள்ளும். மூன்று மணி நேரப் படக் கதையை வைத்துக்கொண்டு "சுருக்கி எடுத்துடலாம்" என்று இறங்குபவர்கள் எடுப்பது குறும்படம் அல்ல, டிரெய்லர்.

மாணவர் படங்களில் இன்னொரு வகைப் பழக்கமும் உண்டு. அலாரம் அடிக்கும், ஒரு கை வந்து அதை அணைக்கும், நாயகன் பல் துலக்கிக் கண்ணாடியில் முகம் பார்ப்பான். ஒன்றரை நிமிடம் போயிருக்கும், கதை இன்னும் எழுந்திருக்காது. முடிவில் எல்லாம் கனவு, இல்லையென்றால் அவன் ஏற்கெனவே செத்துவிட்டவன். அதற்கும் மேல் கறுப்புத் திரையில் ஓர் அறிவுரை வாசகம். திருப்பம் வைப்பதில் தப்பில்லை. ஆனால் திருப்பத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் மீதி ஒன்பது நிமிடத்தில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கதையிலிருந்து அல்ல, கையிருப்பிலிருந்து. கேட்டால் கிடைக்கும் இடங்கள், நடிக்கக் கூடியவர்கள், இரவல் கிடைக்கும் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளுக்குள்ளேயே கதை தேடுங்கள். என் முதல் படத்தில் இதைத் தலைகீழாகச் செய்தேன். 11 பக்கம் எழுதிவிட்டு அதற்கு இடம் தேடினேன். ஐந்து லொகேஷன், இரண்டே நாள். லொகேஷன் மாறுவதென்றால் கருவிகளைக் கழற்றிக் கட்டி, எடுத்துப்போய், மறுபடி விரித்து லைட் வைக்க வேண்டும். ஒரு மாற்றத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் போயிற்று. அந்த நேரத்தில் ஒரு ஷாட்டும் எடுக்க முடியாது, எல்லோருக்கும் பசி மட்டும் எடுக்கும். மூன்றாவது படத்தை ஒரே வீட்டில் இரண்டு அறைகளுக்குள் எடுத்தோம். அது ஒன்றுதான் விழாவுக்குப் போனது.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆங்கிலத் திரைக்கதைக்கு, 12 பாயின்ட் கூரியர் எழுத்தில், குறிப்பிட்ட ஓர விளிம்புகள் விட்டு எழுதும்போது தோராயமாகச் சரியாக வரும் கணக்கு. தமிழில் எழுத்துருவும் வேறு, சொற்களின் நீளமும் வேறு. அதை நம்பாமல் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, அறைக்குள் நடந்துகொண்டே முழுவதையும் நடித்துப் படியுங்கள். கதவைத் திறப்பது, உட்காருவது, பார்ப்பது எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டும். பத்து நிமிடம் என்று நினைத்தது பதினாலு வரும். வெட்டுவதற்கு அதுதான் சரியான நேரம். காகிதத்தில் வெட்டினால் அரைப் பக்கம்தான் போகும், எடுத்த பிறகு வெட்டினால் ஓர் அரைநாள் உழைப்பே போய்விடும்.

அடுத்தது ஷாட் டிவிஷன். ஒவ்வொரு சீனையும் என்னென்ன ஷாட்டுகளாக எடுக்கப் போகிறீர்கள் என்ற பட்டியல். பட்டியல் போட்டதும் கதை வரிசையை மறந்துவிடுங்கள். எடுக்கும் வரிசையை இடம், வெளிச்சம், நடிகர் இந்த மூன்றும்தான் தீர்மானிக்கும். இங்கேதான் நான் நன்றாக அடி வாங்கினேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜன்னலோரம் ஒரு மேசை. எதிரெதிரே அப்பாவும் மகனும். மூன்று நிமிடப் பேச்சு. காலை ஒன்பது மணிக்கு மாஸ்டர் ஷாட், அதாவது இருவரும் தெரிய முழுப் பேச்சையும் காட்டும் ஷாட், எடுத்தோம், ஜன்னல் வெயில் மேசை மேல் அழகாக விழுந்திருந்தது. பிறகு அப்பாவின் பக்கம்: சஜஷன் (மகனின் தோளுக்குப் பின்னாலிருந்து அப்பாவைக் காட்டுவது), க்ளோஸ், கடிதத்தைப் பிரிக்கும் கை. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு டேக் போனது. மகன் பக்கம் கேமராவைத் திருப்பும்போது மணி நாலு. வெயில் எப்போதோ மேசையை விட்டு இறங்கிப் போயிருந்தது. எடிட்டிங்கில் ஒட்டிப் பார்த்தால் அப்பா காலையில் கேட்கிறார், மகன் மாலையில் பதில் சொல்கிறான். போதாக்குறைக்கு மதியம் புழுக்கம் தாங்காமல் மகன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியிருந்தான், ஒருவரும் பார்க்கவில்லை. சரிசெய்ய வழியே இல்லாமல் அந்தப் பேச்சில் பாதியைத் தூக்கினோம்.

செய்திருக்க வேண்டியது இதுதான். ஜன்னல் தெரியும் ஷாட்டுகளையும் வெயில் விழும் ஷாட்டுகளையும், யார் பக்கமானாலும் சரி, முதலில் முடித்திருக்க வேண்டும். வெளிச்சத்தை நம் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய க்ளோஸப்புகளைப் பிற்பகலுக்குத் தள்ளியிருக்க வேண்டும். கேமராவை வைத்த ஒவ்வோர் இடத்திலும் வேலை முடிந்ததும், கண்டினியூட்டி பார்ப்பவர், அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் கவனிப்பவர், ஆள், உடை, மேசை மூன்றையும் மொபைலில் படம் பிடித்திருக்க வேண்டும். புது யூனிட் ஒரு நாளில் எத்தனை ஷாட் எடுக்கும் என்று கேட்டால், நாங்கள் பதினைந்தைத் தாண்டியதே இல்லை. பட்டியலில் எது இல்லாவிட்டால் கதையே புரியாதோ அதற்கு நட்சத்திரம் போட்டுவிட்டு, நாளின் முன்பாதியில் அவற்றை எடுங்கள்.

ஆறு பேருக்கும் வேலை பிரிக்கும்போது நேரம் பார்க்க ஒருவரைத் தனியாக வையுங்கள். அவர் இயக்குநராக இருக்கக் கூடாது. இயக்குநருக்கு எப்போதும் இன்னொரு டேக் வேண்டும். "அண்ணா, இந்த ஷாட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய அசிஸ்டென்ட் ஒருவர் இருந்தால் படம் முடியும். ஷூட்டிங்குக்கு முந்தைய நாள் இரவே, யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும், என்ன உடை, என்ன ப்ராப்பர்ட்டி, அருகில் மருத்துவமனை எது என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கேமராவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், நான் கொஞ்சம்தான் சொல்வேன். நொடிக்கு 24 ஃப்ரேம் வைத்தால் ஷட்டர் 1/50 நொடி. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் லைட் மினுக்காமல் இருக்கவும் இதுவே உதவும். மொபைலில் எடுப்பதானால் ஃப்ரேம் எண்ணிக்கையைப் பூட்டி வைக்கும் செயலியில் எடுங்கள். மொபைலின் சொந்தக் கேமரா அதை நிலையாக வைப்பதில்லை, நீளமான டேக்கில் ஒலியும் உதடும் மெல்ல விலகும். இருவர் பேசும்போது ஒருவரிடமிருந்து மற்றவர் வரை ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல் ஆகிவிடும். ஆள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், லெஃப்ட் லுக்கா ரைட் லுக்கா என்ற குழப்பம் வந்தால் மாஸ்டர் ஷாட்டைப் போட்டுப் பாருங்கள், போதும்.

ஒலிதான் மாணவர் படங்களைக் கவிழ்ப்பது. படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் "ஸ்டைல்" என்று ஒப்பேற்றிவிடலாம், வசனம் கேட்காவிட்டால் ஆள் எழுந்து போய்விடுவார். லொகேஷன் பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஃபேன், ஃப்ரிட்ஜ், பக்கத்துக் கட்டடத்தில் கல் அறுக்கும் சத்தம் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். ஃப்ரிட்ஜை அணைப்பவர் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும் என்பது பழைய தந்திரம். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, மறுபடி போட மறக்கவும் முடியாது.

பூம் மைக்கை, அதாவது நீளக் கம்பின் நுனியில் கட்டிய மைக்கை, ஃப்ரேமுக்கு வெளியே எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே வையுங்கள். இரண்டாவது மைக்கைக் காலரில் குத்துங்கள். ஒலியின் மாதிரி வீதத்தை (sample rate) 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துப் பதியுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் சீன் எண், ஷாட் எண், டேக் எண் சொல்லி கிளாப் அடிக்க வேண்டும். பலகை இல்லாவிட்டால் கை தட்டினாலும் போதும். தனித்தனியாகப் பதிவான படத்தையும் ஒலியையும் சேர்க்க, பலகை மூடும் ஃப்ரேமையும் ஒலியில் எழும் கூர்முனையையும் பொருத்தினால் வேலை முடிந்தது. நாங்கள் கிளாப்பைச் சினிமாக்காரர்களின் பந்தா என்று நினைத்து விட்டுவிட்டோம், 112 ஒலிக் கோப்புகளை உதட்டசைவு பார்த்து ஒட்ட மூன்று இரவு ஆனது. இடத்தைக் காலி செய்யும் முன் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியையும் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டும் இடங்களில் அதை வைத்துத்தான் பூச முடியும். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அப்போதும் பைலட் டிராக், அதாவது டப்பிங்குக்கு வழிகாட்டியாக ஷூட்டிங்கில் பதியும் ஒலி, தெளிவாக இருக்க வேண்டும்.

ஐந்து வாரத்தை எப்படிப் பிரிப்பது என்றால், எழுதி வெட்ட இரண்டு வாரம், லொகேஷன் பார்த்து ஒத்திகை நடத்த ஒரு வாரம். நான்காவது வாரத்தில் இரண்டு நாள் ஷூட்டிங், கைவசம் அரைநாள் கூடுதலாக. மீதியெல்லாம் எடிட்டிங்கும் ஒலியும். ஷூட்டிங் முடிந்து பேக்கப் (pack-up) சொன்ன அன்றிரவே கார்டில் உள்ளதை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டையும் இரண்டு பேர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். திறந்து ஓடவிட்டுப் பார்க்காமல் கார்டை அழிக்காதீர்கள். நடித்தவர்களிடமும் இடத்தின் உரிமையாளரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்த சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். வகுப்பில் கைதட்டல் கிடைக்கும், விழாவுக்கு அனுப்பும்போது உரிமம் கேட்பார்கள்.

கடைசிக் கேள்வி, நானே நடிக்கலாமா? தடை ஒன்றுமில்லை, என் இரண்டாவது படத்தில் நானே நடித்தேன். கடைக்காரனிடம் கெஞ்சும் காட்சி. ஏழு டேக் எடுத்தோம், ஏழும் நன்றாக வந்ததாகத்தான் தோன்றியது. எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு டேக்கிலும் கடைசி வசனம் முடியும் முன்பே என் கண் மானிட்டர் பக்கம் போகிறது. நடிப்பவன் கெஞ்சிக்கொண்டிருக்கிறான், இயக்குநன் ஷாட் ஓகேவா என்று பார்க்கிறான். வேறு வழியில்லாமல் கடைக்காரர் பக்கத்துச் சஜஷன் ஷாட்டையே வைத்து ஒப்பேற்றினோம். அந்தக் காட்சி முழுக்க என் பின்னந்தலைதான் கெஞ்சுகிறது.